ஜெரால்டுக்குக் கட்டின பாட்டு

என் தம்பி ஜெரால்டு செத்த அன்று, அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, நைனா என் பக்கத்தில் வந்து குந்தி, "கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு அக்கா என்றேன். தலையாட்டினார். இன்னா வேலை என்றார். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை, மெஷின் ஆபரேட்டர் என்றேன். இன்னா புடிக்கும் என்றார். ட்ரம்ஸ் பிடிக்கும் என்றேன். அதற்கும் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். பெற்ற பிள்ளையைப் பற்றி என்னிடம் விசாரித்துவிட்டுப் போகிறார் மனுஷன். எனக்கு அப்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காலையில் மீஞ்சூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி அவன் பைக்கை இடித்தது என்று போன் வந்ததிலிருந்தே எனக்கு ஒன்றும் வரவில்லை.

நைனாவின் பேர் சாலமோன். அத்திப்பட்டில் எந்தத் தெருவில் கேட்டாலும் தெரியும். பகலில் அனல் மின் நிலையத்தில் சாம்பல் லாரிக்கு லோடு ஏற்றும் கான்ட்ராக்ட் வேலை. சாவு விழுந்த வீட்டில் மரண கானா பாடுவது அவருடைய இன்னொரு வேலை. டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு, இழுத்து இழுத்துப் பாடுவார். கல்லுக்கும் கண்ணீர் வரும் என்பார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுத் தெருமுனை தாண்டட்டும் என்று காத்திருந்து கூப்பிடுவார்கள். பாஸ்டருக்கும் தெரியும். கொஞ்சம் வேகமாகவே நடந்து போய்விடுவார்.

பாடுவதற்கு முன்னால் நைனா அந்த வீட்டில் ஒரு ஆளைப் பிடித்து இந்த மூன்று கேள்விகளையும் கேட்பார். கூடப் பிறந்தவர்கள், வேலை, பிடித்தது. அழுகிற ஆளிடம் கேட்க மாட்டார், பதில் ஒழுங்காக வராதாம். அழாத ஆளாகப் பார்த்துக் கேட்பார். எங்கள் வீட்டில் அன்றைக்கு அழாமல் இருந்தது நான் ஒருத்திதான். அப்படித்தான் என்னிடம் வந்தார்.

இன்னொன்றும் உண்டு. கூப்பிடாத வீட்டுக்கு அவர் போக மாட்டார். சொந்த அண்ணன் செத்தபோதுகூட, பெரியம்மா ஆள் அனுப்புகிற வரைக்கும் டோலக்கைத் தொடவில்லை. எழவு வீட்டில் தானாக நுழைந்து பாடினால் அது திமிர் என்பார். அதனால் அன்றைக்கும் தெருமுனையில், பந்தல்காரன் இறக்கிப் போட்ட நாற்காலி அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனைப் பார்த்துப் பாடு என்று யார் சொல்வார்கள்? கடைசியில் அம்மாதான் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே கத்தினாள். "இன்னாய்யா, ஊருல இருக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் பாடுவ, உன் புள்ளைக்குப் பாட மாட்டியா?" அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார். என்னிடம் கேள்வி கேட்டார். பாடினார்.

நல்லாப் பாடினார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தெருவே குலுங்கிக் குலுங்கி அழுதது. ஆனால் எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். தங்கமான புள்ள, தண்ணி தொடாத புள்ள, மாலை மாத்திக்கிற வயசுல மாலை வாங்கிப் படுத்த புள்ள. நந்தியம்பாக்கத்தில் பாடியது, காட்டூரில் பாடியது, பேர் மட்டும் ஜெரால்டு. தண்ணி தொடாத புள்ளையாம். சம்பளம் வந்தால் ஜெரால்டு பீர் குடிப்பான், குடித்துவிட்டு வந்து என்னிடம் எலுமிச்சம்பழம் கேட்பான், நான் திட்டிக்கொண்டே கொடுப்பேன். ட்ரம்ஸ் என்று வாய்விட்டுச் சொன்னேனே, அது எங்கே போச்சு என்று எனக்கு எரிச்சல். தண்ணி தொடாத புள்ள என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டேன். பின்பக்கம் போய், டீ குடித்த டம்ளர்களை எல்லாம் குழாயடியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் கழுவினேன். அவனை எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பாட்டை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். ஊர் பூராவும் சுற்றியது. எங்கள் கம்பெனி பஸ்ஸில்கூட ஒரு பெண் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நாட்கள் போயின. நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற கம்பெனி. காலையில் பஸ், லைன், டீ, லைன், பஸ். என் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. சூப்பர்வைசர், பிரின்சி லைனில் ரிஜெக்ட் வருவதே இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக் காட்டினார். ஊரில் பெண்கள் காது பட என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தேன்.

கோபம் மட்டும் அடியில் கிடந்தது. அதுவும் நைனா மேல்தான். கொஞ்ச நாளிலேயே மறுபடி பாடப் போனார். அதே தங்கமான புள்ள, அதே தண்ணி தொடாத புள்ள, வேறு பேர். பக்கத்துத் தெருவில் அவர் பாடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். இந்த மனுஷனுக்குத் தன் பிள்ளை யார் என்றே தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிஜமாகவே தெரியாது. ஜெரால்டு சர்ச்சில் ட்ரம்ஸ் கற்றுக்கொண்டவன். அப்புறம் அவனும் லோகுவும் விமலும் சேர்ந்து ஒரு பேண்டு வைத்தார்கள். ராக். மீஞ்சூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற பழைய ஷெட்டில்தான் வாசிப்பார்கள். கல்லூரி விழா, கடை திறப்பு என்று எங்கெங்கோ போய் வாசித்தார்கள். நைனா ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எங்கேடா போற என்றுகூடக் கேட்டதில்லை. ஜெரால்டும் இவரோடு எழவு வீட்டுக்கு டோலக் அடிக்கப் போகவில்லை. ஸ்கூலில் சாவுப்பாட்டுக்காரன் மவன் என்று கிண்டல் பண்ணுவார்கள், அந்த வெட்கம் அவனுக்குப் போகவே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தாளம்தான் உசுரு, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. சண்டையாவது போட்டிருக்கலாம்.

வருஷ நினைவு நாள் நெருங்கியபோது லோகு வீட்டுக்கு வந்தான். கிட்டார் வாசிக்கிறவன், ஜெரால்டு வயசுதான். வாசலிலேயே செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றான். உள்ளே வந்து உட்காரு, நாஷ்டா சாப்பிடு என்று அம்மா சொன்னாள். அவன் உட்காரவில்லை. அந்தச் சாவுப் பாட்டை ராக்காக மாற்றியிருக்கிறோம், நினைவு ஜெபம் முடிந்ததும் தெருவில் வாசிக்கட்டுமா என்று கேட்டான். நைனாவிடம் போய்க் கேட்டானாம். அவர், "பிரின்சிய கேளு" என்று சொல்லிவிட்டாராம்.

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எழவுப் பாட்டை ஆட்டம் போடுகிற பாட்டாக ஆக்குவதா, ஜனங்கள் காறித் துப்ப மாட்டார்களா என்றாள். லோகு என்னையே பார்த்தான்.

"அந்தப் பாட்டுல இருக்கிறது என் தம்பியே இல்ல லோகு," என்றேன். "தண்ணி தொடாத புள்ளன்னு பாடினா, நானே வந்து மைக்க புடுங்கிடுவேன்."

"அதெல்லாம் எடுத்துட்டோம்க்கா. தங்கம், மாலை எல்லாம் தூக்கியாச்சு. ரெண்டே வரிதான் வெச்சிருக்கோம். அத மட்டும்தான் திரும்பத் திரும்ப பாடறோம்."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. எல்லாம் ஒரே குப்பைதானே என்று நினைத்தேன். ட்ரம்ஸுக்கு என்ன பண்ணுவீர்கள், புது ஆள் போட்டிருக்கிறீர்களா என்றுதான் கேட்டேன். லோகு மறுபடி செருப்பைக் கழற்றினான். புது ஆள் போடவில்லை என்றான். ஜெரால்டு ஷெட்டில் வேறு ஒரு பாட்டுக்குப் பழகும்போது தனியாகப் பதிவு பண்ணி வைத்த ட்ரம்ஸ் அவர்களிடம் இருக்கிறதாம். அதன்மேல் நைனாவின் மெட்டை வைத்துப் பார்த்தார்களாம். மெதுவாகப் போகிற மெட்டை வேகம் ஏற்றினால் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டதாம்.

"அவன் ஸ்பீடுக்கு உங்க நைனா வந்துட்டாருக்கா," என்றான்.

வாசித்துக்கொள் என்றேன். அந்த நிமிஷம் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு வருஷத்தில் எனக்கு வந்த முதல் ஆசை அதுதான் என்று நினைக்கிறேன். நைனா ஒரு தடவை உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். செத்துப் போனது தங்கமான புள்ளையும் இல்லை, தண்ணி தொடாத புள்ளையும் இல்லை, இதோ இவன் என்று அவர் காதில் விழ வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்தபின் ஜெபம். பாஸ்டர் பிரசங்கம் பண்ணினார், பிரியாணி சாப்பிட்டார், ஸ்பீக்கர் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார், வழக்கம்போல வேகமாக நடந்து போய்விட்டார். லோகுவும் விமலும் பந்தல் ஓரத்தில் ஒயர் சொருகிக்கொண்டிருந்தார்கள். நைனா வெள்ளைச் சட்டையில் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை, இருக்கிறாரே என்று நான் தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன்.

திரும்பி வந்தால், ஒரு ஆள் பைக்கை ஸ்டார்ட்டிலேயே வைத்துக்கொண்டு நைனாவிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பெரியவர் தவறிவிட்டார், சாயங்காலம் எடுக்கிறார்கள், சாலமோன் அண்ணன் வந்தால்தான் ஆச்சு என்கிறார்களாம். நைனா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டோலக் எடுக்க வீட்டுக்குள் நுழையப் போனார்.

எனக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஜக்கை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வாசலை மறித்து நின்றேன்.

"எங்கயும் போவாத நைனா. உக்காரு. உம் புள்ள பாட்டு, கேட்டுட்டுப் போ."

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் ஏதோ பேஜாரு பண்ணப் போகிறேன் என்று அம்மா ஓடி வந்தாள். நைனா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பைக்கில் வந்தவனிடம் போய், நேரமாகும், நீ முன்னால் போ என்று சொல்லிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிட்டார் ஆரம்பித்தது. காது கிழிகிற சத்தம். முன் வரிசையில் இருந்த கிழவிகள் முக்காட்டை இழுத்துக் காதை மூடினார்கள். அப்புறம் லோகு பாடினான். பாடினான் என்று சொல்வதா, கத்தினான் என்று சொல்வதா. நைனா ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை என்று இழுத்ததை அவன் ஒரே மூச்சில் எறிந்தான்.

"சோத்துத் தட்டுல தாளம் போட்டியே, ஜெரால்டு!
சோறு ஆறுதுடா, தாளம் எங்கடா?"

சட்டென்று எல்லாம் நின்றது. கிட்டார் நின்றது, விமலின் பேஸ் கிட்டாரும் நின்றது. தாளம் எங்கடா என்ற கேள்வி மட்டும் பந்தலில் தொங்கியது. அப்போது ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து ட்ரம்ஸ் வந்தது. ஜெரால்டு அடித்தான். தடதடவென்று அடித்துக்கொண்டு, இதோ இருக்கேன் என்று சொல்கிற மாதிரி வந்தான். உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

நான் நைனா பக்கம் திரும்பினேன். ட்ரம்ஸால் இல்லை, ட்ரம்ஸ் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வரி. அந்த வரியில் இருக்கிற விஷயம் எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சோறு போட்டு வைத்தால் ஜெரால்டு சாப்பிட மாட்டான், தட்டின் விளிம்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். சோறு ஆறிப் போகும். அம்மா கத்துவாள். நைனா தலையைக் குனிந்து தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்கவே இல்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

லோகு மறுபடியும் கேட்டான், தாளம் எங்கடா. ஜெரால்டு மறுபடியும் பதில் சொன்னான். அன்றைக்கு நைனா இதை மெதுவாகக் கேட்டபோது ஒரு பதிலும் வந்திருக்காது. அதனால்தான் ஜனங்கள் அப்படி அழுதிருக்கிறார்கள். நான் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நைனா, இந்த வரி அன்னிக்கு நீ பாடினதா?" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

அவர் தலையாட்டினார். வேறு எங்கேயும் பாடியதில்லை என்றார். அது அவனுக்கு மட்டும்தானாம்.

அவர் கண் பந்தல் ஓரத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. லோகு கிட்டாரோடு இருக்கிறான், விமல் பேஸோடு இருக்கிறான், ட்ரம்ஸுக்கு ஆளைக் காணோம். நாற்காலி நுனிக்கு வந்தார். கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். எழவு வீட்டில் வேறு ஆள் டோலக் அடிக்கும்போது இவர் அப்படித்தான் கேட்பார், எங்கே தப்புகிறது என்று. இப்போது தப்பவில்லை போலிருக்கிறது. அவர் முகம் மாறவில்லை.

"யாரு அடிக்கிறது?" என்றார்.

"உம் புள்ளதான் நைனா. அவன் இருக்கச்சொல்லோ ரெக்கார்டு பண்ணது."

அவர் பெட்டிப் பக்கம் காதைத் திருப்பினார். இன்னொரு சுற்று முழுக்கக் கேட்டார். மடியில் இருந்த கை கொஞ்சம் அசைந்தது, அப்புறம் அடங்கிவிட்டது.

"நல்லா அடிக்கிறான்," என்றார்.

எனக்குள் அடியில் கிடந்த கோபம் பொத்துக்கொண்டு மேலே வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பையன் எத்தனை வருஷம் ஏங்கினான் என்று எனக்குத்தானே தெரியும். நிகழ்ச்சி முடிந்து வந்து படுத்தால், "அவரா வரட்டும்க்கா, நான் எதுக்குக் கூப்புடணும்?" என்பான். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வான். கூட்டத்தில் கடைசி வரிசை வரைக்கும் பார்ப்பானாம், நைனா நிற்கிறாரா என்று.

"இத இப்ப வந்து சொல்றியா?" என்று கத்தினேன். ட்ரம்ஸ் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும், ஆனால் அதற்காக மட்டும் நான் கத்தவில்லை. "அந்த ஷெட்டு இன்னா அமெரிக்காவுலயா இருக்குது? மீஞ்சூருதான? ஒரு தபா போய் நின்னுக் கேட்டிருந்தா இன்னா நைனா?"

நைனா என் பக்கம் திரும்பினார். அவருக்குக் கோபம் இல்லை. நான் கேட்டது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்று தோன்றியது.

"கூப்புடாத எடத்துக்கு எப்படிம்மா போறது?" என்றார். "நீ இன்னிக்கு உக்காருன்னு சொன்ன, உக்காந்துக்கினேன். அவன் ஒரு தபா, வா நைனான்னு சொல்லியிருந்தா, அந்த ஷெட்டு வாசல்லயே கெடந்திருப்பேன்."

சொல்லிவிட்டு மறுபடி பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழவு வீட்டு மரியாதையைக் கட்டிக்கொண்டு வந்து பெற்ற பிள்ளையிடம் காட்டியிருக்கிறார் இந்த மனுஷன். கூப்பிடட்டும் என்று இவர், வரட்டும் என்று அவன். இரண்டு பேருக்கும் நடுவில் நான். அவர் வழக்கமும் எனக்குத் தெரியும், அவன் பேச்சும் எனக்குத் தெரியும். நைனாவைக் கூப்பிடுடா என்று அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் அழுதேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்றில்லாமல், மூக்கு ஒழுக, ஜெரால்டு பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். தம்பிக்காக அழுகிறேனா, பக்கத்தில் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிற இந்த ஆளுக்காக அழுகிறேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. லோகு என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தக் கை தூக்கினான்.

நைனா எழுந்து நின்றார். நிறுத்தாதே, அவன் அடிக்கட்டும் என்று லோகுவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.